மினியும் மினி கூப்பரும்

ஒரே உடலுக்குள் இரண்டு வேறு சுபாவங்களைக் குடியேற்றி, ஒன்றைக் குடும்பஸ்தருக்கும் மற்றொன்றை வேகப் பிரியருக்கும் விற்பது மோட்டார் உலகத்தில் இன்று சர்வ சாதாரணமான வழக்கமாகிவிட்டது. வெளித் தோற்றத்தில் ஒரு பெயர்ப் பலகையும் இரண்டொரு வர்ணக் கோடுகளும் தவிர வேறு பேதம் தெரியாத இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு மட்டும் அதிகமாகக் கொடுக்கப்படும் பணம், கண்ணுக்குப் புலப்படாத எந்தெந்த உறுப்புகளில் போய்ச் சேர்கிறது என்று அறிய விரும்புகிறவர், சற்றே பின்னோக்கிச் சென்று, 1959-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த மினி என்னும் சிறு காரையும், நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதிலிருந்து கிளைத்த மினி கூப்பர் எஸ் என்னும் வேக வண்டியையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது நலம். இக்காலத்து வண்டிகளில் மின்னணுக் கருவிகளின் வேலை மிகுந்துவிட்டபடியால், எது காரணம், எது காரியம் என்பது எளிதில் பிடிபடுவதில்லை. அந்த இரண்டு வண்டிகளிலுமோ இரும்பும் ரப்பரும் பெட்ரோலும் காற்றுமே சகல காரியங்களையும் செய்தன. ஆகவே அவற்றைக் கொண்டு விஷயத்தை விளக்குவது சுலபம். பார்ப்பவருக்கும் அதில் ஓர் ஆனந்தம் உண்டு.

1956-ஆம் ஆண்டு சூயஸ் கால்வாயை எகிப்து தேச உடைமையாக்கியதைத் தொடர்ந்து மூண்ட யுத்தத்தில் அக்கால்வாய் அடைபட்டு, மேற்கு ஆசியாவின் எண்ணெய் ஐரோப்பாவுக்கு வந்து சேருவது தடைப்பட்டபோது, பிரிட்டனில் அவ்வருஷம் டிசம்பர் மாதம் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை அமலுக்கு வந்தது. சிறிதளவு எண்ணெயில் நெடுந்தூரம் ஓடும் குட்டி வண்டிகள் ஜெர்மனியிலிருந்து வந்து தெருக்களில் பெருகுவதைக் கண்டு மனம் பொறாத பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லியனார்ட் லார்ட், நான்கு பேர் சௌகரியமாக அமரக்கூடிய மெய்யான சிறு கார் ஒன்றை விரைவில் உருவாக்கித் தரும்படியும், எஞ்சின் மட்டும் தொழிற்சாலையில் ஏற்கெனவே தயாராகிவருவதாகவே இருக்கவேண்டும் என்றும் தம் நிர்மாண நிபுணரான அலெக் இஸிகோனிஸைப் பணித்தார். 1906-ல் ஸ்மிர்னா நகரத்தில் பிறந்து இளமையில் இங்கிலாந்து வந்து சேர்ந்த இஸிகோனிஸ், மாரிஸ் மைனர் என்ற வண்டியை அமைத்து அதற்கு முன்பே புகழ் பெற்றவர். ஆனால் அவரைப் பற்றி நாம் இங்கே முக்கியமாக நினைவில் வைக்கவேண்டிய செய்தி வேறொன்று. 1930-களில் அவரும் ஜார்ஜ் டௌஸன் என்ற நண்பரும் தங்கள் கைகளாலேயே, ரப்பர் வில்களுடன் கூடிய மிக இலேசான பந்தய வண்டி ஒன்றைக் கட்டி, மலைப்பாதைப் போட்டிகளில் ஓட்டினார்கள். குடும்பங்களுக்கான காரை வரையப் புகுந்த கை, பந்தய வண்டி கட்டிப் பழகிய கை.

பத்து அடி நீளத்துக்குள் நான்கு மனிதரையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் அடக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தமே அந்த வண்டியின் ஒவ்வோர் அங்கத்தையும் தீர்மானித்தது. அக்காலத்துக் கார்களில் பெரும்பாலும் நீளவாக்கில் கிடந்த எஞ்சினை அவர் குறுக்குவாக்கில் திருப்பி வைத்தார். கியர் பெட்டிக்குத் தனி இடம் தராமல், எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டிக்குள்ளேயே அதைப் புகுத்தி, இரண்டுக்கும் ஒரே எண்ணெயை உரிமையாக்கினார். முன் சக்கரங்களையே ஓட்டும் சக்கரங்களாக்கி, வண்டியின் வயிற்றின் அடியே பின்னோக்கி ஓடும் நீண்ட தண்டை ஒழித்தார். சக்கரங்களின் விட்டத்தைப் பத்தே அங்குலமாகக் குறுக்கி, அவற்றை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். சக்கரங்கள் மூலைக்குப் போனது, பிரயாணிகளின் காலுக்கு இடம் விடுவதற்காகத்தான். ஆனால் மூன்று மீட்டர் நீளமுள்ள வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டு மீட்டருக்குமேல் தூரம் இருந்தால், அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாரம் மிகவும் குறைந்துபோகும். வளைவில் திரும்பும்போது வண்டியைத் தன் நேர்வழியிலேயே இழுத்துச் செல்ல முயலும் சடத்துவமும் அதற்கேற்பக் குறையும். இட வசதியை நாடிச் செய்த காரியம் இவ்வாறு சாலைப் பிடிப்பாகவும் பலித்தது. மினியின் கதையில் எனக்கு மிகவும் உவப்பான பகுதி இதுவே.

வில்களின் விஷயமும் அப்படிப்பட்டதே. ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ள வண்டியில் நான்கு பேரும் சாமான்களும் ஏறினால் பாரம் திடீரென்று ஒன்றரை மடங்காகிவிடும். ஓட்டுபவர் ஒருவருக்கு இதமாக இருக்கும் உருக்கு வில், குடும்பம் முழுவதும் ஏறியதும் தரையோடு தரையாக அமுங்கிவிடும். குடும்பத்தைத் தாங்கும் வில்லோ தனியாகப் போகிறவரைத் தூக்கித் தூக்கிப் போடும். இஸிகோனிஸின் நண்பரான அலெக்ஸ் மோல்டன் கண்டுபிடித்த கூம்பு வடிவ ரப்பர் வில், அமுங்க அமுங்கக் கடினமாகும் இயல்புடையது. ஆகையால் இலேசான பாரத்துக்கு இலேசாகவும் கனத்த பாரத்துக்குக் கனமாகவும் அது விடை கூறியது. வளைவில் ஒருபுறமாகச் சாயும் வண்டிக்கும் அதே ரப்பர் அதே முறையில் முட்டுக் கொடுத்தது என்பதைப் பின்னால் பந்தயக்காரர்கள் கண்டுகொண்டார்கள்.

இப்பொழுது எஞ்சினுக்கு வருவோம். 1951-ல் ஆஸ்டின் ஏ-30 என்ற காருக்காக 803 சி.சி. கொள்ளளவில் தோன்றிய நான்கு சிலிண்டர் எஞ்சினே மினிக்கும் வாய்த்தது. அதன் 948 சி.சி. உருவத்தைப் பொருத்தி முதல் மாதிரி வண்டிகளை ஓட்டிப் பார்த்தபோது, அவை மணிக்கு 90 மைலை, அதாவது சுமார் 145 கிலோமீட்டரை எட்டின. அந்த வேகம் குடும்ப வண்டிக்கு மிகையானது என்று தயாரிப்பாளர்களே முடிவு செய்து, சிலிண்டரின் விட்டத்தை மாற்றாமல், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரத்தை மட்டும் 76.2 மில்லிமீட்டரிலிருந்து 68.26 மில்லிமீட்டராகக் குறைத்து, கொள்ளளவை 848 சி.சி.க்கு இறக்கினார்கள். 1959 ஆகஸ்டு 26-ஆம் தேதி, வரி உட்பட 497 பவுண்டு விலையில், ஆஸ்டின் என்றும் மாரிஸ் என்றும் இரு பெயர்களோடு வெளிவந்த வண்டி இதுதான்: 34 குதிரை சக்தி, உச்ச வேகம் மணிக்கு சுமார் 116 கிலோமீட்டர், நின்ற நிலையிலிருந்து 97 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 27 விநாடி.

இந்தக் கணக்கைப் பார்த்து அந்த எஞ்சினை மட்டமாக எண்ணிவிடக் கூடாது. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றை எட்டுவதற்குள்ளாகவே அது தன் முழுத் திருப்பு விசையையும் தந்துவிடும். ஆதலால், கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து செல்வதற்கும், பாரத்தோடு மேட்டில் நின்று புறப்படுவதற்கும், கியரை அடிக்கடி மாற்றச் சோம்பும் ஓட்டுநருக்கும் அது மிகவும் அனுகூலமானது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் பதினான்கு கிலோமீட்டர் ஓடியது. குறைந்த அமுக்கத்தில் வேலை செய்ததால் சாமான்ய ரகப் பெட்ரோலே அதற்குப் போதுமானதாக இருந்தது. குடும்ப வண்டி ஒன்றுக்கு வேண்டிய லட்சணங்கள் இவை. இவற்றில் ஒன்றேனும் தற்செயலாக அமைந்ததன்று.

இந்தக் குடும்ப வண்டி வேக வண்டியாக மாறக் காரணமாயிருந்த ஜான் கூப்பர் என்பவர் சர்பிட்டன் என்ற ஊரில் தம் தகப்பனாரோடு சேர்ந்து பந்தயக் கார்கள் செய்துவந்தார். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே எஞ்சினை வைத்த அவர்களுடைய சிறு வண்டிகள், ஜாக் பிராபம் என்ற பந்தய வீரரின் கைவண்ணத்தால் 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்று, பந்தயக் கார்களின் அமைப்பையே தலைகீழாக மாற்றிவிட்டிருந்தன. மினி திரும்புகிற விதத்தைக் கண்ட கூப்பர், இந்த வண்டிக்குக் குறைவாக இருப்பது சக்தி ஒன்றுதான் என்று உடனே உணர்ந்தார். இஸிகோனிஸ் ஆரம்பத்தில் அவ்வளவாக உற்சாகம் காட்டவில்லை. சாமான்ய ஜனங்களுக்கென்று செய்த வண்டியைப் பந்தயத்துக்கு இழுப்பது அவருக்கு உவப்பாக இல்லை. எனினும், நிறுவனத்தின் பெரிய அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஹாரிமன், விற்பனையாகுமோ ஆகாதோ என்ற சந்தேகத்தோடேயே, போட்டி விதிகளுக்குத் தேவையான ஆயிரம் வண்டிகளைக் கட்டிப் பார்க்கச் சம்மதித்தார். வண்டி ஒன்றுக்கு இரண்டு பவுண்டு கூப்பருக்குச் சன்மானம் என்று பேச்சாயிற்று. இவ்வாறு 1961 செப்டம்பரில் வெளிப்பட்டது 997 சி.சி. மினி கூப்பர். விலை 679 பவுண்டு. 55 குதிரை சக்தி.

ஒரு பெட்ரோல் எஞ்சினின் சக்தியை அதிகரிப்பது என்றால், ஒரு நிமிஷத்தில் அது அதிகக் காற்றை உட்கொள்ளும்படி செய்வது என்றே பொருள். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். அதை எரிப்பதற்கான காற்று உள்ளே போவதுதான் கடினம். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுழலும் எஞ்சினில் ஒரு சிலிண்டர் விநாடிக்கு ஐம்பது தடவை மூச்சிழுக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் பிஸ்டன் கீழே இறங்கக் கிடைக்கும் அவகாசம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கே. அந்த அற்பக் காலத்துக்குள், வளைந்த குழாய்களின் வழியாகவும் வால்வின் ஓரத்து இடுக்கின் வழியாகவும் காற்று உட்புகவேண்டும். மினியின் எஞ்சினிலோ இதற்கு இன்னும் ஓர் இடையூறு: நான்கு சிலிண்டர்களுக்கு உட்செல்லும் துவாரங்கள் இரண்டே இருந்தன, இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரு துவாரத்தைப் பங்கிட்டுக்கொண்டன, நடுச் சிலிண்டர்கள் இரண்டும் புகை வெளியேறும் வழியையும் பொதுவில் வைத்துக்கொண்டன. சிக்கனத்துக்காக ஏற்பட்ட இந்த அமைப்பை மாற்றமுடியாத நிலையில், கூப்பர் உருவத்துக்கு ஒரு கார்புரேட்டருக்குப் பதிலாக இரண்டு வைத்தார்கள், உள் வால்வுகளை அகலப்படுத்தினார்கள், வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டின் வடிவத்தை மாற்றி, அவை நெடுநேரம் திறந்திருக்கச் செய்தார்கள், 8.3 மடங்காக இருந்த அமுக்கத்தை ஒன்பது மடங்காக உயர்த்தினார்கள்.

காம் தண்டின் மாற்றம் சற்று நின்று கவனிக்கத் தக்கது. உள்ளே பாயும் காற்றுக்கும் எடை உண்டு. ஆகையால் ஓடத் தொடங்கிய காற்று உடனே நிற்பதில்லை. பிஸ்டன் கீழ்எல்லையை அடைந்து மேலே திரும்பிய பின்னரும் வால்வைச் சிறிது நேரம் திறந்து வைத்தால், அந்த ஓட்ட வேகத்தினாலேயே இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே திணிபடும். சுழற்சி மிகுந்திருக்கும்போது இது பெரிய லாபம். ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது காற்றுக்கு அந்த வேகம் இல்லை. மேலே ஏறும் பிஸ்டன், வந்த காற்றையே வந்த வழியாகத் திருப்பித் தள்ளிவிடுகிறது. வேக எஞ்சின் நெரிசலில் திக்கித் திணறுவதும், குறைந்த சுற்றில் சோர்ந்துபோவதும் இதனால்தான். உச்ச வேகத்துக்கென்று வெட்டிய காம் தண்டு, கடைத்தெரு வேகத்துக்கு நிச்சயமாகக் குந்தகம் செய்யும். இரண்டையும் ஒரே தண்டில் பூரணமாகப் பெறும் உபாயம் அந்த நாளில் இல்லை.

கொள்ளளவைப் பெருக்குவதற்காக முதல் கூப்பரில் கையாண்ட வழி எனக்கு அவ்வளவு திருப்தி தருவதன்று. சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய பழையபடியே இருக்க, பிஸ்டன் செல்லும் தூரத்தை 81.28 மில்லிமீட்டராக நீட்டிவிட்டார்கள். ஒரு சுற்றில் பிஸ்டன் இரண்டு தடவை முற்றிலும் நின்று, இரண்டு தடவை உச்ச வேகத்தை அடைகிறது. அது செல்லவேண்டிய தூரம் கூடக்கூட, நின்று கிளம்புவதற்கான முடுக்கமும் கூடுகிறது. அந்த எஞ்சின் ஆறாயிரம் சுற்றில் சுழலும்போது, பிஸ்டன் தன் பாதையின் உச்சியில் படும் முடுக்கம் பூமியின் ஈர்ப்பு தருவதைப் போல் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல். சில நூறு கிராம் எடையுள்ள பிஸ்டன் அந்தக் கணத்தில் இணைப்புத் தண்டை அரை டன்னுக்குக் குறையாத கனத்தோடு இழுக்கும். அவ்வெஞ்சின் உயர்ந்த சுற்றுகளில் முரட்டுத்தனமாக இரைந்ததில் வியப்பில்லை.

1963-ல் வந்த கூப்பர் எஸ் இந்தத் தவற்றைத் திருத்தியது. அதைத் திருத்திய விதத்தில்தான் இக்கதையின் சிகரம் இருக்கிறது. குடும்ப வண்டியின் வேகத்தை மட்டுப்படுத்துவதற்கென்று குறைத்தார்களே, அந்த 68.26 மில்லிமீட்டர் தூரத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டு, சிலிண்டரின் விட்டத்தை 62.9 மில்லிமீட்டரிலிருந்து 70.6 மில்லிமீட்டராக அகற்றினார்கள். இருந்த வார்ப்பில் இவ்வளவு அகலமான துவாரங்களுக்கு இடம் போதாதபடியால், வெளிச் சிலிண்டர்கள் இரண்டையும் வெளிப்புறமாக நகர்த்தி, உட்புறச் சிலிண்டர்களை ஒன்றோடொன்று நெருக்கி வைக்கவேண்டியிருந்தது. பிஸ்டனின் பாதை குறுகியதாகையால் எஞ்சின் அச்சமின்றி உயர்ந்த சுற்றுகளுக்கு ஏறியது. சிலிண்டர் அகன்றதாகையால் அதன் தலையில் பெரிய வால்வுகளுக்கும் இடம் கிடைத்தது. கொள்ளளவு 1071 சி.சி.; சக்தி 70 குதிரை. வேகத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடே, சிறிது காலம் கழித்து, அதிக வேகத்துக்கு அஸ்திவாரமாக அமைந்தது.

34 எவ்வாறு 70 ஆயிற்று என்பதைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கொள்ளளவு நூற்றுக்கு 26 பங்கு பெருகியது. உச்ச சக்தி தரும் சுற்றுவேகம் 5500-லிருந்து 6000 ஆக, ஒன்பது பங்கு உயர்ந்தது. இவ்விரண்டையும் பெருக்கினால் 34 என்பது 47 ஆகுமே அன்றி 70 ஆகாது. எஞ்சியிருக்கும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முழுவதும், அதே அளவு இடத்துக்குள் அதிகக் காற்றைப் புகுத்தி, அதிக அமுக்கத்தில் எரித்து, புகையைத் தடையின்றி வெளியேற்றியதன் பலன். டௌன்டன் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த டேனியல் ரிச்மண்ட் என்ற நிபுணர் சிலிண்டர் தலையின் குடைவுகளில் செலுத்திய நுண்ணறிவுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணப்படும் சி.சி. கணக்கைக் காட்டிலும், ஒருவருக்கும் புலப்படாத அந்தக் குடைவின் வளைவுகளே மிகுந்த வேலை செய்தன என்று நான் துணிந்து சொல்வேன்.

இரட்டிப்புச் சக்தி வந்துவிட்டது. அதைத் தாங்கும் உடல் வேண்டாமா? பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு ஒவ்வொரு வெடிப்பிலும் சிறிது முறுகி மீண்டும் நிமிர்கிறது. இவ்வாறு கோடிக்கணக்கான தடவை முறுகி நிமிரும் உலோகத்தில், மேற்பரப்பில் தோன்றும் மயிரிழை விரிசல் ஒன்று மெல்ல மெல்ல உள்ளே இறங்கித் தண்டையே முறித்துவிடும். ஆகவே கூப்பர் எஸ்-ஸின் தண்டை உயர்ந்த ரக உருக்கில் அடித்து உருவாக்கி, அதன் மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றினார்கள். நைட்ரஜன் அணுக்கள் உலோகத்துக்குள் நெருக்கிக்கொண்டு புகுவதால் மேல்தோல் கடினமாவது மட்டுமன்றி, எப்பொழுதும் அமுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. அமுங்கிய இடத்தில் விரிசல் வாய்திறப்பது அரிது. புகை வெளியேறும் வால்வுகளுக்கோ, செந்தணலாகக் காயும் நிலையிலும் வலிமை குன்றாத நிமோனிக் என்ற நிக்கல் கலவையைப் பயன்படுத்தினார்கள். ஜெட் விமான எஞ்சின்களுக்காக உருவான உலோகம் அது. சாதாரண மினிக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. தேவையற்ற இடத்தில் இவற்றை வைப்பது வாங்குபவரின் பணத்தை விரயம் செய்வதே.

இனி, இவ்வளவு சிரமத்துக்கும் கிடைத்த வேகம் எவ்வளவு? சக்தி இரு மடங்குக்கும் சற்று மேலாயிற்று. உச்ச வேகமோ 116 கிலோமீட்டரிலிருந்து சுமார் 153 கிலோமீட்டர் ஆயிற்று. அதாவது மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக ஏறவில்லை. இதற்குக் காரணம் எதிர்க்காற்று. வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் போல் வளர்கிறது. அந்த விசையை எதிர்த்து ஒவ்வொரு விநாடியும் கடக்கும் தூரமும் வேகத்தோடு கூடுவதால், வேண்டிய சக்தி வேகத்தின் கனத்தைப் போல் வளர்கிறது. வேகத்தை இரட்டிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். இந்தக் கணக்குப்படி இரு மடங்குக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சக்தி தரவேண்டிய வேகம் நூற்றுக்கு 27 பங்கு மட்டுமே அதிகம். மினி அதற்கு மேலும் சிறிது பெற்றதற்குக் காரணம், டயர்களின் உருளல் தடை காற்றைப் போல் அவ்வளவு உக்கிரமாக வளர்வதில்லை என்பது. ஆகையால், வேக வண்டியின் மெய்யான சுகம் உச்ச வேகத்தில் இல்லை. இடைவேகங்களில் விரைந்து முடுகுவதில் இருக்கிறது. சாதாரண மினி 27 விநாடியில் எட்டிய 97 கிலோமீட்டர் வேகத்தைக் கூப்பர் எஸ் சுமார் 13 விநாடியில் எட்டியது. எதிரே வரும் வண்டிக்கும் முன்னே ஊரும் லாரிக்கும் இடைப்பட்ட சிறு அவகாசத்தில் முந்திச் செல்லவேண்டியவருக்கு இந்த வித்தியாசம் உயிர்க் காரியம்.

முடுகியதை நிறுத்தவும் வேண்டும். ஓடும் வண்டியின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 153 கிலோமீட்டரில் ஓடும் வண்டியிடம், 116-ல் ஓடுவதைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு சக்தி தேங்கியிருக்கிறது. ஒரே ஒரு தடவை அந்த வேகத்திலிருந்து முழுதும் நிறுத்தினால் பிரேக்குகளில் பிறக்கும் உஷ்ணம், இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சாதாரண மினியின் ஏழு அங்குல டிரம் பிரேக்குகளில், அந்த உஷ்ணம் மூடிய டிரம்முக்குள் அடைபட்டு, டிரம் விரிவடைந்து, உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்தும் பிரேக் ஷூவைவிட்டு விலகிப்போகும். உராய்வுப் பட்டையின் பிடிப்பும் சூட்டில் தளரும். ஓட்டுநர் மிதித்த மிதி ஆழ ஆழப் போகும், வண்டியோ நிற்காது. மலைப்பாதையில் இதைப் போன்ற அபாயம் வேறில்லை. டிஸ்க் பிரேக்கிலோ வட்டத் தகடு காற்றில் திறந்து கிடக்கிறது. சூட்டில் அது தடித்தாலும், இருபுறமும் பிடிக்கும் கட்டைகளை நோக்கியே தடிக்கிறது. முதல் கூப்பரின் முன் சக்கரங்களில் ஏழு அங்குலத் தகடுகளை வைத்தார்கள். பத்து அங்குலச் சக்கரத்துக்குள் அதற்குமேல் இடம் காண்பதே அரிது. எஸ்-ஸில் எப்படியோ அதை ஏழரை அங்குலமாக்கித் தடிப்பையும் கூட்டினார்கள். டிரம் பிரேக்கில் சுழற்சியே ஷூவை உள்ளே இழுத்து அழுத்தத்துக்கு உதவுவது போன்ற சகாயம் டிஸ்க் பிரேக்கில் கிடையாது. ஆகவே, எஞ்சின் காற்றிழுக்கும் குழாயிலுள்ள வெற்றிடத்தைக் கொண்டு பாதத்தின் அழுத்தத்தைப் பெருக்கும் கருவி ஒன்றையும் சேர்த்தார்கள். பின் சக்கரங்களுக்கு டிரம்களே நிலைத்தன. வண்டி நிற்கும்போது பாரமெல்லாம் முன்னே சாய்ந்துவிடுவதால் பின்னே அதிகப் பிடிப்புத் தேவைப்படுவதில்லை.

இந்தப் பிரேக்குகளைச் சோதித்தவை, தெற்குப் பிரான்ஸின் பனி மூடிய மலைப்பாதைகள். 1964 ஜனவரியில் பாடி ஹாப்கர்க்கும் ஹென்றி லிடனும் மின்ஸ்க் நகரத்திலிருந்து புறப்பட்டு, கூப்பர் எஸ் ஒன்றில் மான்டி கார்லோ ராலியை வென்றார்கள். பெரிய வி-8 எஞ்சினோடு வந்த போர்டு பால்கன் இரண்டாவதாயிற்று. எஞ்சினின் அளவுக்கேற்பச் சலுகை தரும் விதி ஒன்று சிறு வண்டிக்கு உதவியது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் விதி மட்டுமே வெல்லவில்லை. முன் சக்கரங்களின் மேலேயே எஞ்சினின் பாரம் முழுவதும் உட்கார்ந்திருந்தபடியால், பனியில் அவை வழுக்காமல் பற்றிக்கொண்டன. இடம் மிச்சப்படுத்துவதற்காகச் செய்த அமைப்பு இங்கே மறுபடியும் கைகொடுத்தது. 1965-ல் 1275 சி.சி. உருவத்தில் டிமோ மாகினனும் பால் ஈஸ்டரும், 1967-ல் ரௌனோ ஆல்டனனும் லிடனும் அதே வெற்றியைப் பெற்றார்கள். இடையே 1966-ல் முதல் மூன்று இடங்களையும் மினிகளே பிடித்திருந்தும், முகப்பு விளக்குகள் விதிக்கு மாறானவை என்று கூறி நடுவர்கள் மூன்றையும் நீக்கிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு அக்காலத்தில் பெரிய கண்டனத்துக்கு உள்ளாயிற்று. எனக்கும் அது நேர்மையானதாகத் தோன்றவில்லை.

இவ்வளவையும் படித்தவர், கூப்பர் எஸ்-ஸே உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடலாம். அது சரியன்று. அந்த வண்டி ஒரு லிட்டருக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டரே ஓடியது. உயர்ந்த ரகப் பெட்ரோலைக் கேட்டது. இரண்டு கார்புரேட்டர்களும் ஒன்றோடொன்று இசைந்து நிற்க அடிக்கடி கைத்திறமுள்ள மெக்கானிக்கின் உதவியை நாடியது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே எண்ணெயைப் பங்கிட்டுக்கொண்டதால், அதிக உஷ்ணத்தில் அந்த எண்ணெய்க்கு நேரும் துன்பமும் இரட்டிப்பாயிற்று. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, காரியாலயம் போய், காய்கறி வாங்கி வரும் குடும்பத்துக்கு, நாலாயிரத்து ஐந்நூறு சுற்றில் கிடைக்கும் திருப்பு விசையால் என்ன பயன்? அவர்களுக்கு அது ஓர் ஆண்டில் ஒரு நிமிஷம்கூடப் பயன்படாத செல்வம்.

என் தீர்ப்பைக் கேட்பவருக்கு, இரண்டில் அரிய சாதனை 34 குதிரை சக்தி வண்டியே என்று சொல்வேன். கூப்பரும் ரிச்மண்டும் செய்த வேலை நுட்பமானது, வீரம் செறிந்தது. ஆனால் அவர்கள் வேகத்தை ஏற்றிவைக்க ஏற்ற ஆசனத்தை இஸிகோனிஸ் முன்பே தயாரித்து வைத்திருந்தார். சுபாவத்திலேயே தள்ளாடும் வண்டிக்கு எழுபது குதிரைகளைப் பூட்டினால் அபாயம்தான் மிஞ்சியிருக்கும். கூப்பர் எஸ் 1971-ல் நின்றுபோயிற்று. கூப்பர் என்ற பெயர் 1990-ல்தான் மீண்டும் அந்த வண்டிக்கு வந்தது. சாதாரண மினியோ இடைவிடாமல் ஓடி, 53 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பெற்றெடுத்த பின், 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி தன் உற்பத்தியை முடித்துக்கொண்டது.

இன்றைக்கும் ஒரே பெயரில் இரண்டு உருவங்களை வைத்து விற்கும் கடைக்குள் நுழையும் வாசகர்கள், குதிரை சக்தி எவ்வளவு கூடியிருக்கிறது என்று விசாரிப்பதோடு நில்லாமல், பிரேக் தகடு எவ்வளவு பெரிதாகியிருக்கிறது, டயர் எவ்வளவு அகன்றிருக்கிறது, உஷ்ணத்தைத் தணிக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பவற்றையும் தயவுசெய்து கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். இவற்றில் மாற்றமில்லாமல் எஞ்சினும் பெயர்ப் பலகையும் மட்டும் மாறியிருந்தால், அந்த வண்டிக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம்.